ஃபோம் பம்ப்கின்ல ஆந்தை முகம் செதுக்கறேன், கண்ணோட கருமணி நிக்க மாட்டேங்குது. வழி சொல்லுங்க

கேட்டி_அம்மா (ஹூஸ்டன் பக்கம்), அக்டோபர் 19

எல்லாருக்கும் வணக்கம். ஹாலோவீனுக்கு இன்னும் 12 நாள்தான் இருக்கு, அதனால நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

நாங்க ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டியில இருக்கோம். போன 3 வருஷமும் நிஜப் பம்ப்கின்தான் (பரங்கிக்காய்) வாங்கி, முகம் செதுக்கி, உள்ள விளக்கு வச்சு ஜாக்-ஓ-லான்டர்ன் பண்ணினோம். ஒரு வருஷம்கூட 31-ம் தேதி வரைக்கும் தாங்கல. இங்க அக்டோபர் கடைசியிலயும் பகல்ல 80 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டுடும், காத்துல ஈரம் வேற. போன வருஷம் வியாழக்கிழமை சாயங்காலம் உக்காந்து செதுக்கினோம். சனிக்கிழமை காலையில வாசக் கதவைத் திறந்தா, பல்லெல்லாம் உள்பக்கமா சுருங்கி, பொக்கை வாய் மாதிரி மடிஞ்சு கிடக்கு. மூடியைத் தூக்கினேன். உள்ள சாம்பல் கலர்ல பஞ்சு பஞ்சா பூசணம், மூஞ்சியில மோதற மாதிரி ஈ. என் சின்னவளுக்கு 7 வயசு. பூசண வாடை பட்டாலே அவளுக்கு இழுப்பு வந்துடும். அவளை உள்ள அனுப்பிட்டு, கையுறை மாட்டிக்கிட்டு அள்ளினேன். அடிப்பாகம் கையோட வரல, கொழகொழன்னு வழிஞ்சு சிமெண்ட் படியில வட்டமா கறை ஆயிடுச்சு. அந்தக் கறை இன்னும் முழுசா போகல.

அதனால இந்த வருஷம் ஃபோம் பம்ப்கின் வாங்கினேன். 9 இஞ்ச் சைஸ், ரெண்டு. உள்ள வெத்து, சுவர் அரை இஞ்சுக்குக் கொஞ்சம் மேல இருக்கும். "செதுக்கலாம்"னு அட்டையிலயே போட்டிருந்தது. எதால செதுக்கறதுன்னு ஒரு வார்த்தை போடல.

சின்னவளுக்கு ஆந்தைதான் வேணும். பள்ளிக்கூடத்துல கூகையைப் பத்திப் படிச்சுட்டு வந்தா, அன்னைலேர்ந்து வீட்டுல வேற பேச்சே இல்ல. கண்ணு ரெண்டும் பெருசா, வட்டமா, நடுவுல கருமணியோட இருக்கணும்னு அவளே காகிதத்துல வரைஞ்சு குடுத்தா. பிள்ளைங்க நிஜப் பம்ப்கின் செதுக்க வாங்கின சின்ன ரம்பம் வீட்டுல இருந்தது, அதையே எடுத்தேன். இழுக்க இழுக்க ஆரஞ்சுத் தோல் பிசிறு பிசிறா கிழிஞ்சுது. உள்ளேர்ந்து கிரீம் கலர் தூள், ரஸ்க்கை நொறுக்கின மாதிரி மேஜை முழுக்கக் கொட்டிச்சு. துடைக்கத் துடைக்கத் துணியிலயே ஒட்டிக்குது. அதையும் சமாளிச்சுட்டேன். கண்ணைச் சுத்தி வட்டமா வெட்டி, ரெண்டு முனையும் சேர்ந்த நொடியில கருமணி டப்புன்னு உள்ள விழுந்துடுச்சு. அவ பொறுக்கி எடுத்து உள்ளங்கையில வச்சுக்கிட்டு, "ஆந்தைக்குக் கண்ணு போச்சும்மா"ன்னா.

ரெண்டாவதைத் தொட இப்ப எனக்கு பயமா இருக்கு. கருமணியை எப்படி நிறுத்தறது? எந்தக் கத்தி? வெட்டின இடத்துல உள்பக்கம் வெளேர்னு தெரியுதே, அதுக்கு ஏதாவது பூசலாமா? மெழுகுவத்தி வைக்கலாமா? இந்தத் தூள் இழுப்பு இருக்கிற பிள்ளைக்கு ஆகுமா?

இன்னொண்ணும் இருக்கு. அவ கிளாஸ்ல ஒரு பிள்ளை, "பொய்ப் பம்ப்கின்ல செஞ்சா அது ஜாக்-ஓ-லான்டர்னே கிடையாது"ன்னு சொல்லிடுச்சாம். ரெண்டு நாளா அதையே நினைச்சு வாடிப் போயிருக்கா. அவளுக்கு என்ன பதில் சொல்லட்டும்?


கராஜ்_தச்சன் (எடிசன், நியூஜெர்சி), அக்டோபர் 19

சகோதரி, மொதல்ல, கருமணி விழுந்த அந்த ஃபோம் பம்ப்கினைக் குப்பையில போட்டுடாதீங்க. அதுதான் இப்ப உங்களுக்குப் பழகற பலகை. கத்தி எவ்வளவு அழுத்தினா எவ்வளவு இறங்குதுன்னு அதுல ஒரு மணி நேரம் வெட்டிப் பாருங்க. அப்புறம் ரெண்டாவதைத் தொட பயம் இருக்காது. ஏதாவது ஒடிஞ்சா ஒட்டுப் போடவும் அதுலேர்ந்தே துண்டு எடுத்துக்கலாம்.

கருமணி விழுந்ததுல உங்க கைத்தப்பு ஒண்ணும் இல்ல. சிக்குக் கோலத்துல கோடு சுத்தி வந்து தன்னையே தொட்டா நடுவுல ஒரு மூடின கட்டம் வரும் பாருங்க. அந்தக் கோட்டை கத்தியால வெட்டினா கட்டம் விழத்தான் செய்யும், அதைப் பிடிச்சுக்க எதுவும் இல்ல. ஆந்தைக் கண்ணும் அதே கதைதான்.

ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, பாலம் விடறது. கருமணியை வட்டத்துக்கு நடுவுல தொங்க விடாம, மேல் இமையோட ஒட்டின மாதிரி வரையுங்க. அரை இஞ்ச் அகலத்துக்கு இமையும் மணியும் சேர்ந்திருந்தா போதும், கெட்டியா நிக்கும். ஆந்தை கொஞ்சம் அரைக்கண்ணா பார்க்கற மாதிரி இருக்கும், பார்க்க நல்லாவே இருக்கும்.

உங்க மகளுக்கு முழு வட்டமேதான் வேணும்னா ரெண்டாவது வழி. எனக்குப் பிடிச்சதும் அதுதான். கண்ணோட வளையத்தை அறுத்து எடுக்கவே எடுக்காதீங்க, சீவுங்க. வெளி வட்டத்தையும் கருமணி வட்டத்தையும் தோல் ஆழத்துக்கு மட்டும் கீறிக்குங்க. நடுவுல இருக்கிற ஆரஞ்சுத் தோலைக் கத்தி முனையால நெம்பி, வெங்காயச் சருகு உரிக்கிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா உரிங்க. அப்புறம் உள்ள இருக்கிற ஃபோமை மெல்லிசு மெல்லிசா சீவிக்கிட்டே போகணும். உள்ள ஒரு எல்ஈடி விளக்கைப் போட்டு, ரூம் லைட்டை அணைச்சுட்டு அப்பப்போ பாருங்க. கனமா இருக்கிற இடம் இருட்டா தெரியும், அங்க இன்னும் ரெண்டு சீவல். ரெண்டு குவார்ட்டர் (25 சென்ட்) காசை ஒண்ணு மேல ஒண்ணு வச்ச கனம் வந்தா நிறுத்திடுங்க. வளையம் தேன் கலர்ல எரியும், நடுவுல கருமணி கருப்பா, விழாம, தன் இடத்துலயே இருக்கும். நிஜப் பம்ப்கின்லயும் இந்த வேலை செய்யலாம், ஆனா சீவின இடம்தான் மொதல்ல காஞ்சு சுருங்கும். ஃபோம்ல சீவினது சீவினபடியே நிக்கும்.

ஹட்சன் ஆத்தோரம் க்ரோட்டன்-ஆன்-ஹட்சன்ல வான் கோர்ட்லண்ட் மேனர்னு ஒரு பழைய பண்ணை வீடு இருக்கு. 2005-லேர்ந்து வருஷா வருஷம் அங்க கிரேட் ஜாக் ஓலான்டர்ன் பிளேஸ் நடக்குது. 7,000-க்கும் மேல செதுக்கின பம்ப்கின் வைப்பாங்க, நிஜமும் உண்டு, செயற்கையும் உண்டு. நான் போனப்போ ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி குனிஞ்சு குனிஞ்சு பார்த்தேன். முகம் உயிரோட இருக்கிறதெல்லாம் ஓட்டை போட்டது இல்ல, இப்படிச் சீவினதுதான். கன்னத்துல ஒரு கனம், நெத்தியில ஒரு கனம்னு வெளிச்சத்தையே நிழல் போட வச்சிருக்காங்க. சீவற வேலையை அங்க பார்த்துட்டு வந்துதான் நான் பழகினேன்.

கத்தி: பேனா மாதிரி பிடிக்கிற கிராஃப்ட் கத்தி, 11-ம் நம்பர் பிளேடு. 5 பிளேடாவது கையில வச்சுக்குங்க. மழுங்கின பிளேடு வெட்டாது, பிய்க்கும். ஒரே இழுப்புல உள்ள வரைக்கும் இறக்காதீங்க. மொதல் தடவை தோல், ரெண்டாவது தடவை பாதி, மூணாவதுல வெளியே வரணும். வளைவுல கையைத் திருப்பறதுக்குப் பதிலா பம்ப்கினைத் திருப்புங்க. ஒரு துண்டை நாலா மடிச்சு மேஜையில வச்சு அதுமேல உக்கார வச்சா உருளாது. பிடிக்கிற கை எப்பவும் பிளேடுக்குப் பின்னாடிதான் இருக்கணும். நிஜப் பம்ப்கின்ல கத்தி சிக்கி நிக்கும், ஃபோம்ல சட்டுன்னு வழுக்கி ஓடும். எனக்கு இடது கட்டைவிரல்ல 3 தையல் போட்டது அப்படித்தான்.

படத்தை மாத்த, மக வரைஞ்ச காகிதத்தை டேப் போட்டு ஒட்டி, கோட்டு மேலயே குண்டூசியால குத்திக்கிட்டே போங்க. வெட்டறப்போ சின்ன ஓட்டையெல்லாம் மொதல்ல, பெரிய ஓட்டை கடைசியில. பெருசை மொதல்ல எடுத்தா சுவர் நொய்ஞ்சு போய், சின்னதை வெட்டறப்போ சுத்தி ஒடியும். மேல மூடியும் வெட்டாதீங்க. அடியில 4 இஞ்சுக்கு ஒரு வட்டம் வெட்டி, விளக்கு மேல கவுத்து வச்சிடுங்க. காம்பு அப்படியே இருக்கும், கோடு தெரியாது.


ஸ்காபரோ_அக்கா (டொராண்டோ), அக்டோபர் 20

தங்கச்சி, எங்கட வீட்டு ஃபோம் பூசணிக்கு இப்ப 11 வயசு. மகன் நாலாம் வகுப்பில செதுக்கினது, இப்ப அவன் யூனிவர்சிட்டிக்குப் போறான். ஒவ்வொரு வருசமும் அதைத்தான் எடுத்து வைக்கிறனான்.

முதல்ல மகளின்ட கவலைக்குப் பதில் சொல்றன். ஜாக்-ஓ-லான்டர்ன் தொடக்கத்தில பூசணியே இல்லை. அயர்லாந்தில டர்னிப் கிழங்கைக் குடைஞ்சுதான் செய்தவை. அங்கயிருந்து வந்த சனம் அமெரிக்காவில பூசணியைக் கண்டு, குடையிறதுக்கு இது லேசு எண்டு மாறிப்போட்டினம். அயர்லாந்தின்ட தேசிய அருங்காட்சியகத்தில, மேயோ கவுண்டி காசல்பார் பக்கம் இருக்கிற கிளையில, டொனிகல்ல இருந்து வந்த பழைய டர்னிப் முகம் ஒண்டு இருக்கு. பார்க்கிற ஆக்கள் உண்மையாவே பயப்பிடுவினம், அப்பிடி ஒரு முகம். ஆனா அங்க நிக்கிறது கிழங்கு இல்லை. அசல் உதிர்ந்து போகப் பார்த்ததால 1943-ல பிளாஸ்டர் ஒவ் பாரிசில அச்செடுத்து வைச்சது. கெட்டுப் போகாமல் இருக்க வேற பொருளில செய்து வைச்சதை ஒரு நாடே பத்திரமா வைச்சிருக்கு எண்டு அந்தப் பிள்ளைக்குச் சொல்லச் சொல்லுங்கோ.

உள்பக்க வெள்ளைக்கு அக்ரிலிக் பெயின்ற் காணும். மஞ்சளோட கொஞ்சம் ஆரஞ்சு கலந்து, வெட்டின விளிம்பில மட்டும் சின்னத் தூரிகையால பூசுங்கோ. காய்ஞ்ச பிறகு பார்த்தா பூசணிச் சதை மாதிரியே இருக்கும். சீவின இடத்துக்குப் பூசாதேங்கோ, வெளிச்சம் மறைஞ்சு போகும்.

மெழுகுதிரி வேண்டவே வேண்டாம், எல்ஈடிதான். அதிலயும் ஒண்டு கவனியுங்கோ. நான் பிள்ளையள் வார்ட்டில வேலை செய்யிற ஆள், அதால இதைக் கட்டாயம் சொல்லோணும். அந்தச் சின்ன எல்ஈடி விளக்குகளுக்குள்ள கனக்கவா இருக்கிறது காசு மாதிரி வட்ட பற்றறி, சிஆர் 2032 எண்டுறது. சின்னப் பிள்ளை அதை விழுங்கினா, தொண்டைக்குழாயில சிக்கி 2 மணித்தியாலத்துக்குள்ளயே புண்ணாக்கிப் போடும். மூடியை ஸ்க்ரூ போட்டுப் பூட்டுற விளக்கா, இல்லாட்டி ஏஏ பற்றறி போடுறதா பார்த்து வாங்குங்கோ. ஹாலோவீன் அண்டைக்கு உங்கட வாசலுக்கு இனிப்புக் கேட்டு எத்தினை குஞ்சு குருமன் வரும், விளக்கு அதுகளின்ட கைக்கு எட்டுற உயரத்தில இருக்கும்.

ஃபோம் பூசணி பாரம் இல்லாதது. இங்க ஒருமுறை காத்துக்கு றோட்டு வரைக்கும் உருண்டு போனது. இப்ப சிப்லொக் பையில கூழாங்கல் போட்டு உள்ள வைக்கிறனான்.

முதல் பூசணியை என்ன செய்யிறது எண்டு யோசிச்சா, இதையும் பாருங்கோ. மயில் கழுத்து நிறத்தில பெயின்ற் அடிச்சு வாசல்ல வைச்சா, இந்த வீட்டில இனிப்பு மட்டும் இல்லை, சாப்பாட்டு ஒவ்வாமை இருக்கிற பிள்ளையளுக்கு விளையாட்டுச் சாமானும் இருக்கு எண்டு அர்த்தம். ஃபேர் எண்ட உணவு ஒவ்வாமை அமைப்பு 2014-ல அமெரிக்கா முழுக்கத் தொடங்கினது, இங்கயும் நிறைய வாசல்களில காணலாம். வேர்க்கடலை ஆகாத பிள்ளை ஒண்டு எங்கட வாசலில அந்த நிறத்தைக் கண்டிட்டு ஓடி வந்தது எனக்கு இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது. ஸ்டிக்கர், பென்சில், ஒளிருற வளையல், ஏதாவது ஒண்டு போதும்.


பூச்சு_ரசாயனம் (க்ளீவ்லண்ட்), அக்டோபர் 20

ரெண்டு பேரும் நல்லா சொல்லியிருக்காங்க. நான் பொருளைப் பத்தி மட்டும் சேர்க்கறேன், ஏன்னா இதுல தப்பு நடந்தா ஆபத்து.

செதுக்கற பம்ப்கின் பெரும்பாலும் பாலியூரித்தேன் ஃபோம். இது எரிஞ்சா கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் வரும். மெழுகுவத்தி கூடாதுங்கறது அதனாலதான். தெர்மோகோல் வெட்டற சூடான கம்பி, சூட்டுக் கத்தி, சால்டரிங் அயர்ன் இதெல்லாம் வச்சு "வெண்ணெய் மாதிரி வெட்டலாம்"னு வீடியோ பார்ப்பீங்க. வெட்டத்தான் செய்யும், ஆனா அந்தப் புகை உங்க மூச்சுக்குள்ள போகும். இழுப்பு இருக்கிற பிள்ளை இருக்கிற வீட்டுல அதை நினைக்கவே வேண்டாம்.

மலிவுக் கடையில கிடைக்கிற சிலது தெர்மோகோல் ஜாதி. உங்களோடது எதுன்னு தெரிஞ்சுக்க, அடியில வெட்டின வட்டத்துல ஒரு சொட்டு அசிட்டோன் நெயில் பாலிஷ் ரிமூவர் விடுங்க. குழி விழுந்து கரைஞ்சா தெர்மோகோல். அதுல ஸ்ப்ரே பெயின்ட் அடிச்சீங்கன்னா முகமே உருகிடும். தண்ணியில கரைக்கிற அக்ரிலிக் ரெண்டுக்கும் சேரும்.

தூளுக்கு: கராஜ் கதவைத் திறந்து வச்சு, என்95 மாஸ்க்கும் கண்ணாடியும் போட்டுக்கிட்டு வெட்டுங்க. கத்தியால சீவினா செதிலா வரும், அது பரவாயில்ல. டிரெமல் மாதிரி சுத்தற மெஷின் போட்டா மாவு மாதிரி பறக்கும், அதைத் தவிருங்க. முடிச்சதும் ஈரத்துணியால துடைச்சு, பம்ப்கினை உள்ளயும் வெளியயும் கழுவிட்டு அப்புறம் பிள்ளை கையில குடுங்க. வெட்டறப்போ அவ பக்கத்துல வேண்டாம். படம் வரையறது, குண்டூசி குத்தறது, பெயின்ட் பூசறது இந்த மூணும் அவளோடதா இருக்கட்டும்.


கேட்டி_அம்மா, அக்டோபர் 26

நீங்க மூணு பேரும் இவ்வளவு நேரம் ஒதுக்கி எழுதினதுக்கு மனசார நன்றி. நேத்து முடிச்சோம்.

தச்சன் அண்ணா சொன்னபடி பழைய பம்ப்கினோட முதுகுல ஒரு மணி நேரம் பழகினேன். முதல் நாலு வளையம் கோணல், அஞ்சாவதுலேர்ந்து கை பிடிபட்டுது. குண்டூசி குத்தற வேலை முழுக்க சின்னவளோடது. நாக்கைக் கடிச்சுக்கிட்டு, ஒரு குத்து விடாம, முக்கால் மணி நேரம் குத்தினா. எண்ணிக்கிட்டே குத்தினதால 412 குத்துன்னு எங்க எல்லாருக்கும் இப்ப தெரியும்.

அசிட்டோன் சொட்டு விட்டுப் பார்த்தேன், ஒண்ணும் ஆகல, பாலியூரித்தேன்தான். அவளை உள்ள விட்டுட்டு கராஜ்ல உக்காந்து வெட்டினேன். மூக்கு, இறகுக் கோடு எல்லாம் அறுத்து எடுத்தேன், கண்ணு ரெண்டும் சீவல். தோலை உரிக்கிறதுதான் நான் பயந்த இடம். கத்தி முனையைப் படுக்க வச்சுத் தள்ளினா சுருள் சுருளா வருது, நிமிர்த்தினா உடனே குழி விழுது. படுக்க வைக்கணும்ங்கறதை இனி யார் கேட்டாலும் முதல்ல சொல்லுவேன். மாஸ்க்குக்குள்ள வேர்த்து ஊத்தினாலும் கழட்டல.

கழுவி, துடைச்சு, உள்ள ஏஏ பேட்டரி விளக்கைப் போட்டு, வாசல்ல அந்தப் பழைய கறை மேலயே வச்சேன். எல்லா லைட்டையும் அணைச்சுட்டு அவளைக் கூப்பிட்டேன். வந்து நின்னா, ஒண்ணும் பேசல. கிட்ட போய் ஒரு விரலால கருமணியை அழுத்திப் பார்த்தா. அது அசையலன்னதும்தான் திரும்பி என்னைப் பார்த்து சிரிச்சா.

அக்கா, டர்னிப் கதையை அவ கிளாஸ்ல சொல்லிட்டு வந்துட்டா. அந்தப் பிள்ளை டீச்சர்கிட்ட போய் அது நிஜமான்னு கேட்டுச்சாம், டீச்சர் கிளாஸ்ல எல்லாருக்கும் அந்தப் படத்தைக் காட்டினாங்களாம். பழைய பம்ப்கினுக்கு மயில் கழுத்து கலர் ரெண்டு கோட் அடிச்சாச்சு. ஓட்டைக் கண்ணு தெரியாம பின்பக்கம் திருப்பி வச்சிருக்கோம். பக்கத்துல ஒரு கிண்ணத்துல ஸ்டிக்கரும் குட்டிப் பென்சிலும்.

ஒரே ஒரு குறை. இடது கண்ணு வலதை விட பளிச்சுன்னு எரியுது, அங்க சீவல் அதிகமாயிடுச்சு போல. வலதை இன்னும் சீவட்டுமா?


கராஜ்_தச்சன், அக்டோபர் 26

சீவாதீங்க. வலது ஓட்டையாயிடும். இடது கண்ணுக்கு உள்பக்கமா மாஸ்கிங் டேப் ஒரு துண்டு ஒட்டிப் பாருங்க. பத்தலன்னா அதுமேல இன்னொரு துண்டு.